நம்பர் போடாத நாலு தாள்

நாகானோ, ஜப்பான்
4 பெப்ரவரி 2024

என் தம்பி ராஜுவுக்கு,

அக்கா ஜீவராணி எழுதுறேன். இங்க நான் சுகம். அங்க நீயும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு நம்ம மாரியம்மாவைத்தான் தினமும் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.

கவரைப் பாத்ததும் கிழிச்சுப் போட்டுறாதே. போன்ல என்னை பிளாக் பண்ணிட்டே, சரி. தபாலை பிளாக் பண்ண முடியாதுல்ல? அந்தத் தைரியத்துலதான் பேனாவை எடுத்தேன்.

இங்க பனி முழங்கால் வரைக்கும் கிடக்கு. நான் வேலை செய்ற முதியோர் இல்லத்துல முப்பத்திரண்டு பேர். எழுப்பி, மூஞ்சி கழுவி, கஞ்சி ஊட்டி முடிக்கிறதுக்குள்ள பாதி நாள் போயிரும். உடம்புக்கு ஒண்ணுமில்ல, கைதான் வெடிச்சுக் கிடக்கு. நம்ம வட்டகொடைக் குளிரெல்லாம் இதுக்கு முன்னால கைகட்டி நிக்கணும். அப்பாவோட கால் வீக்கம் எப்படி? நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா?

வீட்டு விசயம் இதுக்கு மேல கேக்க மாட்டேன். கேட்டா நீ பதில் போட மாட்டே. அதனால நீ பதில் போட்டே ஆகவேண்டிய ஒரு சங்கதியை எழுதுறேன், இரு.

நம்ம ஜப்பான் படக்கதை 'பனிவாசல்' அறுபத்தோராவது புத்தகம் வந்திருச்சு. இருபத்தி நாலு வருசமா அந்த மனுசன் சளைக்காம வரைஞ்சுக்கிட்டு இருக்காரு பாரேன்! கடைசிப் பக்கத்துல வாசகர் ஓட்டெடுப்பு போட்டிருக்காங்க, கதையில யாரை ரொம்பப் பிடிக்கும்னு. முதலிடம் யாருக்குத் தெரியுமா? தோரோகுவுக்கு! ஆமாண்டா, நாம துரோகின்னு காறித் துப்பின அதே வாசக்காவல்காரன் தோரோகுவுக்கு. எனக்குத் தலையே சுத்திருச்சு. கூட வேலை செய்ற ஹருமிகிட்ட, "எங்க தேயிலைத் தோட்டத்துல அவன் பேரைச் சொன்னாலே செருப்படி"ன்னேன். அவ என்னைப் பைத்தியத்தைப் பாக்கிற மாதிரி பாத்தா. தோரோகுவை வெறுக்கிற ஆளை அவ பிறந்ததுல இருந்து பாத்ததே இல்லையாம்.

நாம ரெண்டு பேரும் எங்கயோ தப்பா நினைச்சுட்டோமோடா? நீ என்ன சொல்றே?

அப்பாவுக்கு என் நமஸ்காரம் சொல்லு. சொல்லப் பிடிக்கலைன்னா விடு.

உன்மேல உசிரா இருக்கிற
அக்கா


வட்டகொடை
3 மார்ச் 2024

ஜீவராணி அவர்களுக்கு,

நாங்க சுகம். நீங்களும் சுகம்னு எழுதியிருந்தீங்க, நல்லது.

உங்க கடிதம் தோட்டத்து ஆபீசுல பதினோரு நாள் கிடந்திருக்கு. காலைப் பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப மேற்பார்வை பாக்கிற கண்டாக்கு ஐயா அப்பா கையில குடுத்தாராம். அப்பா அதை என் தலையணைக்குக் கீழ வச்சுட்டு மலைக்குப் போயிட்டாரு. பதில் போடக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா தோரோகுவுக்கு முதலிடம்னு படிச்சதுல இருந்து எனக்கு ரத்தம் கொதிக்குது.

ஊரே மறந்திருக்கலாம், நீங்களுமா மறந்துட்டீங்க? முப்பத்தோராவது புத்தகம். எதிரிப்படை மலையேறி வருது. தோரோகு வாசல்ல காவல். அவன் தங்கச்சி மினே அடிவாரத்துக்கு மருந்து வாங்கப் போயிருக்கா. அதுக்கப்புறம் நாலு பக்கம், ஒரு சொல் இல்ல, பக்கத்துக்கு ஒரே படம். முதல் பக்கத்துல தோரோகு கதவுல ரெண்டு கையையும் ஊன்றிக்கிட்டு அழறான். ரெண்டாவதுல காதைக் கதவுப் பக்கம் திருப்புறான். மூணாவதுல வெளிய பனியில மினே வாயைப் பிளந்து கத்திக்கிட்டு ஓடி வர்றா. நாலாவதுல, கதவுக்குக் குறுக்கே தாழ்மரம் விழுது. கதவு சாத்தியாச்சு! விடியறப்ப அந்தப் பிள்ளை வாசல்ல விறைச்சுக் கிடக்கு. தங்கச்சி குரல்னு தெரிஞ்சு, அழுது, அப்புறமா சாத்தினான். கல்நெஞ்சுக்காரனாவது அழ மாட்டான். இவன் அழுதுட்டுச் செஞ்சான், அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

அதுக்குப் பிறகு முப்பது புத்தகமா அவன் ஊருக்கு ஓடி ஓடி உதவி செய்றான். எல்லாம் நடிப்பு. ஜப்பான்காரங்க அந்த நடிப்புக்குக் கைதட்டினா தட்டிட்டுப் போகட்டும். தெரிஞ்சே கதவைச் சாத்திட்டுப் போனவங்களைக் கொண்டாடுறது உலகத்துல புதுசா என்ன?

தலவாக்கலையில பாவா நானா கடையில போட்டோ கொப்பி அடிக்கிற வேலைக்குச் சேந்திருக்கேன். அவர் மகன் நுஸ்கி அண்ணன் கட்டாருக்குப் போனதுல அந்த இடம் காலியாச்சு. அப்பா நல்லா இருக்காரு. காலைலயும் ராத்திரிக்கும் நான்தான் ஆக்கிப் போடுறேன்.

இப்படிக்கு
செ. ஜீவராஜ்


நாகானோ
31 மார்ச் 2024

அன்பு ராஜு,

நீ கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வந்ததே எனக்குப் போதும். 'நீங்க, அவர்கள்'னு எழுதினா அக்கா பெரிய மனுசியாயிட்டேன்னு நினைச்சுக்கிறேன். உனக்கும் அப்பாவுக்கும் சளி காய்ச்சல் அண்டாம இருக்கட்டும்.

கதவைச் சாத்தினவங்களைப் பத்தி நீ எழுதியிருந்த வரியை நாலு தரம் படிச்சேன். புரிஞ்சது. அதை அப்படியே வச்சுட்டு நாம தோரோகுவைப் பேசுவோம்.

தப்பு என் தமிழ்ல இருக்குமோன்னு எனக்கு ஒரு பயம். நாம செஞ்ச வேலை ஞாபகம் இருக்கா? ஹட்டன்ல நம்ம சிநேகிதி இஷ்ராவோட அண்ணன் கொழும்புல வாங்கின இங்கிலீஷ் புத்தகத்தை ரெண்டே நாளைக்குக் கடன் தருவாரு. நுஸ்கி அதைக் கொப்பி அடிச்சு, புத்தகத்தைப் பாத்து அடுக்கித் தருவாரு. நான் கொப்பித்தாள்ல தமிழ் எழுதி, வெட்டி, மாப்பசையால வசனத்து மேல ஒட்டி, ஓரத்துல பென்சில்ல நம்பர் போடுவேன். வசனம் இல்லாத பக்கத்துல எனக்கென்ன வேலைன்னு அதை மட்டும் உத்துப் பாக்காமலே தனியா ஒரு மட்டைக்குள்ள வச்சுட்டு, 'இதுக்கப்புறம் நாலு படம்'னு முந்தின தாள்ல குறிச்சு விடுவேன். நுஸ்கி எல்லாத்தையும் திரும்ப அடிச்சு, அத்தியாயம் அத்தியாயமா பைண்ட் பண்ணித் தருவாரு. நீயும் நானும் ஒரே போர்வைக்குள்ள கிடந்து படிப்போம். அம்மா லைட்டை அணைக்கச் சொல்லிக் கத்துவாங்க.

அடுத்த அத்தியாயத்துல தோரோகு மினேயோட குழிகிட்ட உக்காந்து, "எனக்குக் கேக்கலை"ன்னு சொல்லுவான்ல. பொய்காரப் பய எப்படிப் பேசுறான் பாருன்னு நினைச்சுக்கிட்டே நான் அதை எழுதினேன். 'எனக்கா? ஒண்ணுமே கேக்கலையே'ன்னு இழுத்து வச்சேன். இங்கிலீஷ்ல அந்த இழுவை இல்ல. அது நான் சேர்த்த கொழுப்பு. ஜப்பான் பாஷையில என்ன இருக்கோ தெரியலை.

பழைய புத்தகக் கடையில முப்பத்தோராவதைத் தேடி வாங்கி உனக்கே அனுப்புறேன். அந்த நாலு பக்கத்தை நான் திறந்து பாக்க மாட்டேன். என்னால முடியாது. நீ பாத்துச் சொல்லு.

நெஞ்சு நிறைஞ்ச அன்போட
அக்கா


வட்டகொடை
28 ஏப்ரல் 2024

ஜீவராணி அவர்களுக்கு,

நலம். வருசப் பிறப்புக்கு அப்பா புதுச் சாரம் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனாரு. கால் வீக்கம் கொஞ்சம் வடிஞ்சிருக்கு.

உங்க தமிழ்ல ஒரு குத்தமும் இல்ல. நீங்க இழுத்து எழுதினதுதான் சரி. போன ஞாயித்துக்கிழமை ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல இஷ்ராவைப் பாத்தேன். ஓட்டெடுப்புக் கதையைச் சொன்னதும், "நான் எத்தனை வருசமாத் தொண்டை கிழியக் கத்துறேன், தோரோகு பாவம்னு! உங்க வட்டகொடைக் கூட்டத்துக்கு மண்டையில என்ன களிமண்ணா?"ன்னு எல்லாரும் பாக்கக் கேட்டா. போனைத் திறந்து, "இந்தா, நாலு பக்கத்தையும் திரும்பப் பாரு"ன்னு மூஞ்சிக்கு நேரா நீட்டினா. "எனக்கு மனப்பாடம், நீ வச்சுக்க"ன்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டேன். இனி அவளோட பேச்சே இல்ல.

'கேக்கலை'ன்னு யார் வேணும்னாலும் சொல்லலாம். ரொம்ப லேசான வார்த்தை அது.

சுத்தி வளைச்சது போதும், நேராவே கேக்கிறேன். 2022 ஒக்டோபர் 14. காலைல மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த அம்மாவைக் குளவி கொட்டுச்சு. லொறியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நீங்க ஜப்பானுக்குப் போக ஏர்போர்ட்ல இருந்தீங்க. ஒண்ணேகால் மணிக்கு பிளேன். பதினொன்றரைக்கு உங்களுக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். திரும்பி வரச் சொல்லி அழுதேன். அன்னைக்கு விளக்கு வைக்கிற நேரத்துல பாத்தா ரெண்டு கோடும் நீலமா இருந்துச்சு. கேட்டுட்டீங்க. கேட்டுட்டுத்தான் ஏறிட்டீங்க. மூணாம் நாள் அம்மா போயிட்டாங்க. அன்னைக்குத்தான் போனைச் சுவத்துல அடிச்சு உடைச்சேன். இன்னொரு போன் வாங்கினதும் முதல் வேலையா உங்க நம்பரை பிளாக் பண்ணினேன்.

ஏறுறதுக்கு முன்னாடி கேட்டீங்களா, இல்லையா? தோரோகுவை விடுங்க. இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

செ. ஜீவராஜ்


நாகானோ
9 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமா இருக்கணும். அப்பாவும் சுகமா இருக்கணும்.

பதில் எழுத லேட்டாயிருச்சு. உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. எழுதி எழுதிக் கிழிச்சேன், அவ்வளவுதான்.

முப்பத்தோராவது புத்தகம் கிடைச்சிருச்சு. பழசு, அட்டையில தேத்தண்ணி கறை இருக்கு. பார்சல்ல போட்டுட்டேன். உனக்கு ஒரு சுவெட்டர், அப்பாவுக்குக் காலுக்குப் பூசுற மருந்து, அப்புறம் இங்கத்தைய மிட்டாய் கொஞ்சம். மிட்டாய் உப்புக் கரிக்கும், துப்பிட்டுத் திட்டாதே.

இஷ்ராவோட சண்டை போட்டது தப்பு. அவங்க அண்ணன் புத்தகம் தராட்டி நமக்குத் தோரோகுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. போய்ப் பேசு.

நீ கேட்டதுக்கு இந்தக் கடிதத்துல பதில் இல்ல, ராஜு. என்னைத் திட்டணும்னா நல்லாத் திட்டு. ஆனா ஒண்ணு, அப்பாகிட்ட அந்த நாளைப் பத்தி எதுவும் கேட்டு நச்சரிக்காதே. அவருக்குப் பிரஷர். நீங்க ரெண்டு பேரும் ஒரே காம்பராவுல, ஒத்தை அறைக்குள்ள இருக்கிறவங்க. அவரைப் பாத்துக்க.

அக்கா


வட்டகொடை
14 ஜூலை 2024

அக்கா! அக்கா! அக்கா!

சுகமா இருக்கியா? நான் சுகம், அப்பா சுகம், மாரியம்மா சுகம், எல்லாரும் சுகம். இப்ப விசயத்துக்கு வா. உக்காந்துக்கிட்டுப் படி.

பார்சல் நேத்து வந்துச்சு. கடையிலயே பிரிச்சேன். அந்த நாலு பக்கத்துக்குப் போனேன். அக்கா, தலைகீழா இருக்கு! ஜப்பான் புத்தகம்னு வலப்பக்கத்துல இருந்துதான் புரட்டினேன், பக்க நம்பரையும் சரிபாத்தேன். படம் அதே படம்தான். வரிசைதான் அப்படியே மறுபக்கமா இருக்கு. முதல்ல தாழ்மரம் விழுது, கதவைச் சாத்தியாச்சு. அதுக்கப்புறம்தான் மினே பனியில ஓடி வர்றா. அதுக்கப்புறம்தான் அவன் காதைத் திருப்புறான். கடைசிப் படம்தான் அவன் கதவுல கையை ஊன்றிக்கிட்டு அழறது. கிட்ட வச்சுப் பாத்தா அவன் நகமெல்லாம் பிய்ஞ்சு கிடக்கு அக்கா! தனியா அந்த மரத்தைத் தூக்கித் திறக்கப் பாத்திருக்கான். முடியலை. நம்ம கொப்பி மங்கலானது, நகம் தெரியவே இல்ல.

நான் போட்ட சத்தத்துல பாவா நானா தேத்தண்ணியைக் கொட்டிட்டாரு. எனக்கு நம்ப முடியலை. யாரோ புத்தகத்தை மாத்தி அச்சடிச்சுட்டாங்கன்னுகூட நினைச்சேன். அப்புறம் கொப்பி மெஷினைப் பாத்தேன். தினமும் நான் அதோடதானே மல்லுக்கட்டுறேன்! அது தாளை மூஞ்சி மேல தெரியிற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கும். கடைசியா அடிச்சது மேல நிக்கும். நுஸ்கி அண்ணன் மத்தத் தாளையெல்லாம் உன் பென்சில் நம்பரைப் பாத்து அடுக்கிட்டாரு. இந்த நாலுலயும் நம்பர் இல்ல. வசனம் இல்லைன்னு நீ போடலை. அவரு மெஷின்ல இருந்து எடுத்த எடுப்புல அப்படியே சொருகிட்டாரு. மத்த இடத்துலயெல்லாம் வசனமில்லாத பக்கம் ஒண்ணு ஒண்ணாத்தான் வரும். சேந்தாப்ல நாலு வந்தது இந்த ஒரு இடத்துலதான். பாவா நானாகிட்ட சொன்னா, தலையில அடிச்சுக்கிட்டு, "எங்கட மகன் ஒரு மனுசனைக் கொலைகாரன் ஆக்கிட்டானே"ங்கிறாரு.

மூணு வருசம் அக்கா! மூணு வருசமா அந்த மனுசனைப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டோம். சாத்துறப்ப அவனுக்குக் கேக்கலை, அவன் சொன்னது நெசம். ஊருக்கு ஓடி ஓடிச் செஞ்சது நெசம். ஒரு பய அதை நம்பலை. கடையைச் சாத்தினதும் நேரா ஹட்டனுக்குப் போய் இஷ்ராகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவ முதல்ல கெக்கெக்கேன்னு சிரிச்சா. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்துட்டு நிப்பாட்டிக்கிட்டா.

நேத்துல இருந்து எனக்கு ஒரே யோசனை. அன்னைக்கு ரெண்டு கோடும் நீலமானதை நான் விளக்கு வைக்கிற நேரத்துலதான் பாத்தேன். எப்ப நீலமாச்சுன்னு எனக்குத் தெரியாது. நீ இடையில மலேசியாவுல இறங்கி வேற பிளேன் மாறணும், அஞ்சு மணிக்கு அங்க இறங்கியிருப்பே. அங்க போனைத் திறந்துதான் கேட்டிருப்பே, இல்ல? முதல்ல கேட்டா, பிறகு ஏறினான்னு நானாவே அடுக்கிக்கிட்டேன். நாலு தாளை அடுக்கின மாதிரி.

அப்படித்தானே அக்கா? ஏறின பிறகுதானே கேட்டே? வேற ஒண்ணும் எழுத வேணாம். 'ஆமா'ன்னு ஒரே ஒரு சொல் எழுது. அன்னைக்கே பிளாக்கை எடுத்துடுறேன். ரெண்டு வருசம் பேசாததை எல்லாம் பேசிடுவோம்.

உன் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கிற
மடத்தம்பி ராஜு


நாகானோ
11 ஓகஸ்ட் 2024

என் ராஜுக்குட்டிக்கு,

நீ 'அக்கா'ன்னு மூணு தரம் எழுதியிருந்ததைப் பாத்து, கஞ்சிக் கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டே அழுதுட்டேன். ஹருமி பயந்துபோய் டொக்டரைக் கூப்பிடப் போயிட்டா.

தோரோகு விசயம் என்னைத் தூக்கிப் போட்டிருச்சு. என் சோம்பேறித்தனம்டா அது. நாலு தாள்ல நாலு நம்பர் போட எனக்கு என்ன கேடு? நான் போடாததால ஒரு நல்ல மனுசன் மேல நீ மூணு வருசம் பழி சுமத்தினே. அதுக்கு நான் உன்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும், அவன்கிட்டயும் கேக்கணும்.

பத்து நாளா நீ கேட்ட அந்த ஒரு சொல்லை எழுதிப் பாத்தேன். இங்க எல்லாத் தாள்லயும் 'ஆமா, ஆமா'ன்னு எழுதி வச்சிருக்கேன். எழுதிட்டா என் தம்பி எனக்குத் திரும்பக் கிடைச்சிருவான். அது எனக்குத் தெரியும். எவ்வளவு ஆசையா இருக்கு தெரியுமா?

கேட்டேன் ராஜு. ஏறுறதுக்கு முன்னாடி கேட்டேன். பன்னிரண்டு மணிக்குக் கேட்டேன். கூட்டத்துல சரியாக் கேக்கலைன்னு கக்கூசுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு இன்னொரு தரமும் கேட்டேன். "அம்மாவுக்கு மூஞ்சியெல்லாம் வீங்கிருச்சு, பேச்சு வரலை, திரும்பி வா அக்கா, எனக்குப் பயமா இருக்கு." பத்தொன்பது செக்கண்ட். எனக்கு மனப்பாடம். அப்புறம் வெளிய வந்து வரிசையில நின்னேன். என்னை யாரும் பிடிச்சுத் தள்ளலை. என் கால்தான் நடந்துச்சு.

நீ அடுக்கினது சரியான வரிசைதான். தோரோகுவுக்குத்தான் தாள் மாறிப்போச்சு, எனக்கு மாறலை.

ஏன் போனேன்னு கேக்காதே. உன்கிட்ட ஒரு பொய்யைச் சொல்லிட்டு அது மேல உக்காந்து வாழ்நாள் பூரா உன்னோட சிரிச்சுப் பேச எனக்குத் தைரியம் இல்ல. நீ பிளாக்கை எடுக்க வேணாம். நேரத்துக்குச் சாப்பிடு, அது போதும்.

உன் அக்கா
ஜீவராணி


நாகானோ
15 செப்டெம்பர் 2024

அன்பு ராஜு,

சுகமா? அப்பாவுக்குச் சுகமா? நாலு வரி எழுதிப்போடு, வேற ஒண்ணும் வேணாம்.

என் போன கடிதம் ஆபீசுலயே கிடக்கோ, உன் கைக்கு வந்தும் நீ எழுதலையோ, தெரியலை. இங்க எல்லார்கிட்டயும் சிடுசிடுன்னு விழறேன். கோவத்தையாவது எழுது. வெறும் கவரை ஒட்டி அனுப்பினாக்கூட நீ இருக்கேன்னு தெரிஞ்சுக்குவேன்.

சுவெட்டர் அளவா இருந்துச்சா?

அக்கா


வட்டகொடை
6 ஒக்டோபர் 2024

அக்காவுக்கு,

நான் உசிரோடதான் இருக்கேன். அப்பாவும் இருக்காரு. சுவெட்டர் கை நீளம்.

உன் ஓகஸ்ட் கடிதம் இருபத்தெட்டாம் தேதியே என் கைக்கு வந்திருச்சு. கடையில நின்னுக்கிட்டே படிச்சேன். 'கேட்டேன் ராஜு'ங்கிற இடத்துல எனக்குக் காது அடைச்சுப் போச்சு. பள்ளிக்கூடத்துப் பரீட்சைத்தாள் அடிச்சுக்கிட்டு இருந்தேன், அறுபது தாள் கறுப்பா விழுந்திருக்கு, எனக்குத் தெரியலை. பாவா நானா வந்து மெஷினை நிப்பாட்டினாரு. ரெண்டு வருசமா நீ கேட்டுட்டுத்தான் போனேன்னு சத்தியம் பண்ணி வச்சிருந்தவன் நான்தான். ஆனா நீயே சொன்னதும் என்னால தாங்க முடியலை.

ஒரு மாசம் கடையும் வீடுமாத் திரிஞ்சேன். அப்புறம் ஒரு முடிவு எடுத்தேன். என்கிட்ட நீ பொய் சொல்ல மாட்டேன்னுட்டே, சரி. அப்பாவுக்காவது நான் ஒரு பொய் சொல்லுவோம். அந்த மனுசன் வாயைத் திறந்து உன் பேரைச் சொல்லி ரெண்டு வருசம் ஆச்சு. மக துரோகம் பண்ணிட்டான்னு உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருக்காருன்னு நினைச்சேன். போன மாசம் இருபத்திரெண்டு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோத்தைப் போட்டு வச்சுட்டுச் சொன்னேன். "அப்பா, அக்கா கடிதம் போட்டிருக்கு. நான் அனுப்பின மெசேஜ் அன்னைக்கு அதுக்குக் கேக்கவே இல்லையாம். பிளேன் ஏறின பிறகுதான் பாத்துச்சாம். நாமதான் தப்பா நினைச்சுட்டோம்."

அவரு சோத்தைப் பிசைஞ்ச கையை அப்படியே நிப்பாட்டினாரு. "ஜீவராணி அப்படியா எழுதினிச்சு?"ன்னாரு. ஆமான்னேன். "அது பொய் சொல்ற பிள்ளை இல்லையேடா"ன்னு சொல்லிட்டு, சோத்துக் கையாலயே தலையில அடிச்சுக்கிட்டாரு. நான் பயந்துட்டேன்.

அப்புறம் சொன்னாரு அக்கா. நீ ஒரு வரிகூட எழுதாததை எல்லாம் சொன்னாரு. என் மெசேஜைக் கேட்டுட்டு நீ அவருக்கு போன் பண்ணினியாமே? நான் மருந்து வாங்க வெளிய போயிருந்த நேரமாம். பெட்டியை விட்டுட்டு பஸ்ஸைப் பிடிச்சு வர்றேன்னு நீ அழுதியாம். "வராதே, போ"ன்னு இவருதான் சொன்னாராம்! டொக்டர் ரெண்டு நாள்ல எழும்பிருவாங்கன்னு சொன்னாராம், இவரு நம்பிட்டாராம். "நானும் ஒரு காலத்துல கொழும்புல கிடைச்ச வேலையை விட்டுட்டு, எங்கப்பா படுத்துட்டாருன்னு ரெண்டு நாளைக்குன்னு திரும்பி வந்தவன்தாண்டா. அந்த ரெண்டு நாள் இன்னும் முடியலை. அவளுக்கும் அப்படி ஆயிரக்கூடாதுன்னு வரவே கூடாதுன்னுட்டேன்"னாரு. நீ மாட்டேன்னு நின்னியாம். "ஏறலைன்னா என்னை அப்பான்னு கூப்பிடாதே"ன்னு சத்தம் போட்டாராம்.

"இதை ஏன்பா ரெண்டு வருசமா என்கிட்டச் சொல்லலை?"ன்னு கேட்டேன். கேட்டேன்னு சொல்றது பொய், கத்தினேன். அடுத்த காம்பராவுல இருந்து ஆள் வந்திருச்சு. "அம்மா போன அன்னைக்கு நீ போனைச் சுவத்துல அடிச்சே. அதைப் பாத்ததும் எனக்கு நாக்கு எழும்பலை. உண்மையைச் சொன்னா நீயும் என்னை விட்டுட்டுப் போயிருவேன்னு பயந்துட்டேன்"னாரு. அம்மா போன பிறகு அவருக்கு போன் பண்ணி நீதான் சொல்ல வேணாம்னியாம். "என்னைத் திட்டட்டும்பா, நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கேன். நீங்களும் அவனும் ஒரே காம்பராவுல கிடக்கணும்"னு சொன்னியாம்.

ஏன் அக்கா? நீ யாரு அதை முடிவு பண்ண? நீங்க ரெண்டு பேருமாச் சேந்து என்னை என்ன நினைச்சீங்க? ரெண்டு வருசமா நான் உன்னைத் திட்டாத நாள் இல்ல. நீ அனுப்பின பணத்தைத் தொடமாட்டேன்னு சொன்னேன். அம்மா படத்துக்கு முன்னால நின்னு உனக்கு நல்ல சாவு வராதுன்னு சொன்னேன். அதையெல்லாம் கேட்டுக்கிட்டு அந்த மனுசன் நான் ஆக்கின சோத்தைத் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தாரு!

எட்டு நாள் கடையிலயே படுத்துக்கிட்டேன். ஒன்பதாம் நாள் பாவா நானா, "உங்கட வாப்பா மூணு நாளா பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறாரு, கடைக்குள்ள வரப் பயப்படுறாரு"ன்னாரு. போய்ப் பாத்தேன், அப்பாதான். நான் போடுற சட்டை ரெண்டை மடிச்சு ஒரு பையில வச்சுக்கிட்டு நின்னாரு. மாத்துச் சட்டை குடுக்க வந்தாராம். வாயில வந்ததை எல்லாம் பேசினேன். தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டே நின்னாரு. கடைசியில நான்தான் கையைப் பிடிச்சு பஸ்ஸுல ஏத்திக் கூட்டிட்டு வந்தேன். வேற என்ன செய்றது? கால் வேற வீங்கிக் கிடக்கு.

இதையெல்லாம் போன்ல சொல்லியிருக்கலாம். சொன்னா நீ அழுவே, நானும் அழுவேன், பாதிதான் சொல்லியிருப்பேன். அதனாலதான் உக்காந்து எழுதினேன். உன் நம்பரை பிளாக்குல இருந்து இன்னைக்குக் காலைல எடுத்துட்டேன். இதைப் படிச்சு முடிச்சதும் கூப்பிடு. அப்பாவும் பக்கத்துல இருப்பாரு. முதல்ல உன்னைத் திட்டுவேன். ரெண்டு வருசத்துக்கும் சேத்து, இந்தத் தரம் எதுக்குத் திட்டுறேன்னு தெரிஞ்சே திட்டுவேன். நான் முடிக்கிற வரைக்கும் நீ கட் பண்ணக்கூடாது.

உன் தம்பி
ராஜு